கண்ணாடிக் கதவில் ஒரு காலிச் சட்டம்

தெருமுனை பியூட்டி பார்லரின் கண்ணாடிக் கதவில் இரண்டு சட்டங்கள் மாட்டியிருந்தன. ஒன்றின் கீழே ‘முன்’ என்று எழுதியிருந்தது. அதற்குள் லென்சு இருந்தாள். மற்றதன் கீழே ‘பின்’ என்று எழுதியிருந்தது. அதற்குள் ஒரு வெள்ளை அட்டையைத் தவிர வேறெதுவும் இல்லை.

லென்சு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. பஸ் ஸ்டாப் எதிரே இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவள் என்பதால் தெரு வைத்த பெயர். அவளும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள்தான். பார்லரை நடத்துகிற பார்லரம்மா வேறு யாருமில்லை, லென்சின் சொந்த நாத்தனார். புருஷனுக்குக் கூடப் பிறந்த அக்கா. அப்படியிருக்கத் தம்பி பொண்டாட்டியின் முகத்தைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி கதவில் ஏன் மாட்டினாள்? அதுதான் கதை.

லென்சு நன்றாக நீண்டிருந்த முடியை ஒரு நாள் கிராப்பாக வெட்டிக்கொண்டு வந்தாள். தெரு கலங்கிப் போனது. பேன் தொல்லையா, புருஷனோடு சண்டையா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று ஆளுக்கொரு பக்கம் துருவினார்கள். “தோணுச்சு, வெட்டிக்கிட்டேன்” என்றாள். நெடுநாள் அந்தக் கிராப்போடு சுகமாகத் திரிந்துவிட்டு, மறுபடி வளர்க்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “தோணுச்சு, வளர்க்கறேன்” என்றாள். தோன்றியது என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளும் தெரு இன்னும் எங்கேயும் போடப்படவில்லை.

கிராப் அழகு, நீள முடி அழகு. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்றாவியான காலம் இருக்கிறது. காதுக்கு மேலே முடி பாதியில் சிக்கிய கடை ஷட்டர் போல இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னங்கழுத்தில் வாத்துக்கு முளைக்கிற மாதிரி ஒரு வால் முளைக்கும். முன்னால் இருப்பது கண்ணில் விழும், ஆனால் காதுக்குப் பின்னால் செருகினால் நிற்காது. லென்சு சரியாக அந்தக் காலத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட்டு எழுந்த கையோடு, “சும்மா ஒரு போட்டோ” என்று சொல்லி நாத்தனார் எடுத்ததுதான் அந்த ‘முன்’ படம்.

ஒரு நாள் காலை அவள் தாண்டிப் போன பிறகு அது கதவுக்குப் போன சேதி லென்சுக்குக் கடையில்தான் தெரிந்தது. கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது என்று வந்த ரிட்டையர்டு வாத்தியார், அவள் முகத்தையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உடம்புக்கு இப்போ தேவலையாம்மா?”

“எனக்கென்ன சார்?”

“பார்லர் கதவுல பார்த்தேனே. தைரியத்தை விட்டுடாதே. எல்லாம் சரியாப் போயிடும்.”

லென்சு திருகை முடுக்கிக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் டப்பாவைக்கூடத் திறக்காமல் பார்லருக்கு நடந்தாள்.

“அண்ணி, அதை எடுங்க.”

பார்லரம்மா ஒரு சீப்பை ஊதித் தூசி தட்டினாள். “எடுக்கத்தாம்மா போறேன். பின் படம் வரட்டும். எக்ஸ்டென்ஷன் ரெடியா இருக்கு. வச்சுக்கிட்டு உட்காரு, ஒரு கிளிக். அப்புறம் பாரு, ஊரே என் பார்லர்ல கியூ நிக்கும்.”

“சவுரி வைக்கச் சொல்றீங்களா?”

“சவுரின்னு சொல்லாதே! எக்ஸ்டென்ஷன். நூத்துக்கு நூறு அசல் முடி.”

“என் தலையில இருக்கறது மட்டும் என்ன, நகல் முடியா?”

“உன் தலையில இருக்கறது முடின்னு யாரு சொன்னா? குருவிக் கூடு.”

உள்ளே முகத்தில் எதையோ பூசிக்கொண்டு படுத்திருந்த ஒரு வாடிக்கையாளர் சிரித்ததில், பூசியது காதுவரை விரிசல் விட்டது. அந்தச் சிரிப்பு லென்சுக்குச் சுருக்கென்றது.

“பின் படம்தானே வேணும்? என் சொந்த முடியிலயே தரேன்.”

பார்லரம்மாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். உடனே சீப்பைக் கீழே வைத்தாள். “சரி. பார்லர் ஆண்டு விழா வருது. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன் மொத்த முடியும் ஒரே ஒரு ரப்பர் பேண்டுல நிக்கணும். கிளிப் கூடாது, ஊசி கூடாது, ஜெல்லு கிரீம் கூடாது. நின்னுச்சுன்னா என் கையாலயே படத்தைக் கழட்டுறேன். நிக்கலைன்னா நீ எக்ஸ்டென்ஷன் வச்சு உட்காரணும். ரெண்டு படமும் நான் கடையை மூடுற வரைக்கும் கதவுல இருக்கும். முன்னும் நீதான், பின்னும் நீதான்.”

லென்சு ஒத்துக்கொண்டாள். கடைக்குத் திரும்பும்போதுதான், ஒத்துக்கொண்டது எதற்கு என்று புரிந்தது. தினமும் வேலைக்குப் போக அந்தக் கதவைத் தாண்டியாக வேண்டும். தோற்றால் ஆயுசுக்கும் அந்த முகம் அங்கேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பந்தயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். வெங்காயச் சாறு தேய் என்றார்கள், முட்டை பூசு என்றார்கள், தலைகீழாக நில் என்றுகூட ஒருத்தி சொன்னாள். கண்ணாடிக் கடை முதலாளி, தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லாத மனிதர், எந்த எண்ணெய் நல்லது என்று வகுப்பே எடுத்தார். “நீங்க அதைத்தான் தேய்ச்சீங்களா சார்?” என்று லென்சு கேட்ட பிறகு வகுப்பு நின்றது.

வைத்தியத்தைவிட லென்சுக்கு உதவியது கடையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகள்தான். முன்னால் ஒன்று, கையில் ஒன்று வைத்துக்கொண்டு தன் பின்னந்தலையைப் பார்த்தபோது அவளுக்கு விஷயம் பிடிபட்டது. முடி வளராமல் இல்லை. கழுத்துப் பக்கம் அவசரமாக வளர்கிறது, நெற்றிப் பக்கம் சாவகாசமாக வருகிறது. அந்த இடைவெளிதான் குருவிக் கூடு. பின்னால் இருப்பதை அவ்வப்போது குறைத்துக்கொண்டே இருந்தால் முன்னால் இருப்பது வந்து சேர்ந்துகொள்ளும்.

குறைப்பதற்கு ஆள் வேண்டுமே. நாத்தனாரிடமா போக முடியும்? புருஷனை உட்கார வைத்துக் கையில் மீசைக் கத்தரியைக் கொடுத்தாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து அக்காவுக்கும் பொண்டாட்டிக்கும் இடையில், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா.”

“கழுத்துல பட்டா நான் கொன்னுடுவேன். பார்த்து வெட்டுங்க.”

ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தால் இந்தத் தெருவில் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? வளர்க்கிறேன் என்று பந்தயம் கட்டியவள் உட்கார்ந்து வெட்டிக்கொள்கிறாள் என்ற சேதி, வெட்டிய முடியைப் பெருக்கி எடுப்பதற்குள் பார்லருக்குப் போய்விட்டது. பார்லரம்மா ‘பின்’ சட்டத்தை ஈரத்துணியால் துடைத்துத் தயாராக வைத்தாள்.

உண்மையைச் சொன்னால், லென்சும் ஒரு தடவை சறுக்கினாள். புருஷனின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். சொந்தக்காரர் அத்தனை பேரும் வந்து, “உடம்புக்கு என்னம்மா?” என்று விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைக்கும்போதே அவளுக்கு அலுத்தது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினாள். “இது பந்தயத்துல சேராது. ஒரு நாள் வச்சுத்தான் பாரேன். பிடிக்கலைன்னா திருப்பிக் கொடு.”

லென்சு வைத்துக்கொண்டாள். பிடித்தும் இருந்தது. அதை மறைப்பானேன்? முதுகில் ஒரு கனம் ஊசலாடியது. திரும்பும்போது பின்னாலேயே திரும்பியது. கல்யாணத்தில் உடம்பைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எந்தச் சீயக்காய் போடுகிறாய் என்று மட்டும் கேட்டார்கள். காதுக்கு மேலே கிளிப் சுருக்சுருக்கென்று இழுத்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கழற்ற மனம் வராமல் அப்படியே கடைக்கும் போனாள். பார்லர் வாசலில் நாத்தனார் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஆண்டு விழாவே முடிந்துபோயிருந்தது.

கண்ணாடி பொருத்துகிறவளைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு ஒன்று அன்று நடந்தது. கடையில் ஃப்ரேமைச் சூடாக்க, சூடான காற்றை மேல்நோக்கி ஊதும் சிறிய பெட்டி ஒன்று உண்டு. கண்ணாடியின் காலை அதன் மேல் காட்டி, இளகியதும் காதுக்குத் தக்கபடி வளைக்க வேண்டும். கிராப் வெட்டிய நாளிலிருந்து லென்சு அதன்மேல் குனிந்துதான் வேலை பார்ப்பாள். முன்னால் விழ முடி ஏது? பழக்க தோஷத்தில் அன்றும் குனிந்தாள். வாத்தியாரின் ஃப்ரேம் இளகுவதற்குள் தோளிலிருந்து சரிந்த கற்றை இளகிவிட்டது.

“என்னம்மா, பிளாஸ்டிக் வாளி எரியற மாதிரி வாசனை வருது?” என்றார் வாத்தியார்.

வாளி இல்லை. நூத்துக்கு நூறு அசல் முடி. நுனி சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கருப்புக் கோந்து உருண்டையாக ஃப்ரேமிலேயே பிடித்துக்கொண்டது. லென்சு ஹீட்டரை அணைத்துவிட்டு உள் அறைக்கு ஓடி, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வலது காதுக்கு மேலே இருந்த கிளிப் தனியாக வரவில்லை. அவளுடைய முடியையும் ஒரு கொத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். அந்த இடம் வெளேரென்று தெரிந்தது. எத்தனை மாதமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது! பிளாஸ்டிக்கை நம்பி அதை இழந்தோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம்தான் நின்றது.

வாத்தியாருக்கு வேறு ஃப்ரேம் பொருத்தி அனுப்பிவிட்டு, கருகிய உருண்டையை மூக்குக் கண்ணாடி வைக்கும் ஒரு கூட்டுக்குள் போட்டு மூடி, நேரே பார்லருக்குப் போனாள்.

“என்னடி இது, செத்த எலியா?”

“உங்க அசல் முடி அண்ணி. அடையாளம் தெரியலையா?”

பார்லரம்மா குனிந்து மோந்து பார்த்தாள். முகம் வெளிறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தி, ‘மூடப்பட்டுள்ளது’ பலகையைத் திருப்பிவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுடி. அசல்னு சொல்லித்தான் கொடுத்தான். இதே பெட்டியிலதான் நானும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவளுடைய கை தானாகப் போய்த் தன் இடுப்பு வரை தொங்கிய பின்னலைப் பிடித்துக்கொண்டது. காதையும் கன்னத்தையும் பார்வையாலேயே அளந்து பழகிய லென்சு அந்தப் பின்னலையும் ஒரு தடவை அளந்தாள். தோளுக்குக் கீழே கருப்பு கொஞ்சம் கூடுதல் கருப்பாக இருந்தது. இத்தனை வருஷம் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

இந்த உருண்டையைத் தெருவில் யார் கண்ணிலாவது காட்டினால் போதும். பார்லரம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு ஸ்டூலைக் கதவருகே இழுத்துப் போட்டு ஏறினாள். “இந்தா, எடுத்துடறேன். நீ கேட்டதும் இதுதானே? யார்கிட்டயும் சொல்லாதே, தாயே.”

கை சட்டத்தைத் தொட்டுவிட்டது. லென்சு நினைத்திருந்தால் அந்த நிமிஷத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

“இறங்குங்க அண்ணி.”

“ஏன்?”

“இன்னிக்கு எடுத்தா இந்த எலிக்குப் பயந்து எடுத்ததா ஆகும். பந்தயம் போட்டது ரப்பர் பேண்டுக்கு. என் முடியால இறங்கட்டும்.”

“அங்க ஒரு கொத்தே காணோம். தோத்துட்டா?”

“சவுரி வச்சு உட்கார்றேன்.”

“சவுரின்னு சொல்லா...”

“அண்ணி.”

“சரி. சவுரி.”

லென்சு வாசல்வரை போய்த் திரும்பினாள். “இதை யார் யாருக்கு வித்தீங்களோ அவங்க கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. முதல்ல, அடுப்புப் பக்கம் குனியாதீங்கன்னு சொல்லுங்க.”

பார்லரம்மா அன்றைக்கே வீடு வீடாகப் போனாள் என்பது நிஜம். விற்றதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்ன காரணம் சொன்னாள் என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது.

அதற்குப் பிறகு லென்சு தலையில் எதையும் பூசவில்லை, எதையும் செருகவில்லை. புருஷன் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கழுத்தை ஒழுங்கு பண்ணினார். வலது காதுக்கு மேலே புதிதாக முளைத்ததைத் தினமும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அது வந்தது, ஆனால் மெதுவாக வந்தது. விழாவோ வேகமாக வந்தது.

ஆண்டு விழா அன்று பார்லருக்குள் நிற்க இடமில்லை. கண்ணாடிக் கடை முதலாளி தன் பளபளக்கும் தலையோடு முன்வரிசையில் நின்றார். வாத்தியார் புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடுவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். லென்சின் புருஷன் கதவோரம் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்த லென்சின் கையில் பார்லரம்மா ஒரு கருப்பு ரப்பர் பேண்டைக் கொடுத்தாள்.

லென்சு இரண்டு கையாலும் முடியைக் கோதிப் பின்னால் கொண்டுபோனாள். எல்லோரும் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கை இறங்கி இறங்கிப் பின்னங்கழுத்துக்கு வந்து நின்றது.

“அங்க எங்க போறே? மேலே தூக்கிப் போடு. குதிரைவால்னா மேலேதான்” என்றாள் பார்லரம்மா.

“ரப்பர் பேண்டுன்னுதான் பேச்சு அண்ணி. குதிரைக்குப் பேச்சே இல்லை.”

“அது வாஸ்தவம்” என்றார் வாத்தியார்.

உச்சியில் போட்டால் கழுத்து முடி எட்டாது. கழுத்தில் போட்டால் நெற்றி முடி எட்டினால் போதும், அதைத்தான் அவள் ஒரு தடவைகூட வெட்டவில்லை. கற்றை கைக்குள் வந்தது. ரப்பர் பேண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டாவது சுற்றும் சுற்றியது. கையை எடுத்தாள். கட்டைவிரல் தடிமனில் குட்டியாக ஒரு வால் நின்றது. கூட்டம் வாயைத் திறந்தது.

“இருங்க” என்றாள் பார்லரம்மா. தொழில்காரியின் கண் காதோரம் போயிருந்தது. “கண்ணாடியோட காலுக்குக் கீழே என்ன ஒளிஞ்சிருக்கு? கண்ணாடி கிளிப் வேலை பார்க்குதே. கழட்டு.”

“கண்ணாடியையா?” என்று முதலாளி தன் சொத்தையே கேட்டது போலப் பதறினார்.

லென்சு தயங்கினாள். அந்தக் காலுக்கு அடியில்தான், பிடுங்கிப் போன இடத்தில் முளைத்த குட்டி முடி இருந்தது. அது ரப்பர் பேண்டுக்கு எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒளித்து வைத்து ஜெயிப்பதென்றால், அன்றைக்கே உருண்டையைக் காட்டிப் படத்தை இறக்கியிருக்கலாமே. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

கண்ணாடி இல்லாத லென்சுக்கு உலகம் கரைந்த சோப்பு. முகங்கள் எல்லாம் வெறும் வட்டங்களாகிவிட்டன. காதோரம் மட்டும் ஏதோ சிலிர்த்து எழுந்து வெளியே எட்டிப் பார்ப்பதை உணர்ந்தாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

ஒரு விரல் வந்து அவள் காதுக்கு மேலே தொட்டது. சோப்பும் ஷாம்பூவும் கலந்த வாசனை. நாத்தனாரின் விரல்.

“இது சேராது” என்றாள் பார்லரம்மா.

“எது சேராது?” என்றார் நடுவர்.

“இது குட்டி முடி. இப்போதான் முளைச்சது. கட்டுறதுக்கு வளர்ந்த முடியைத்தான் பார்க்கணும். குட்டி முடியை எந்தப் பார்லர்லயும் கணக்குல எடுக்க மாட்டாங்க. இது எப்படி வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும்.” கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். “நின்னுடுச்சு. அவ்வளவுதான். என் தம்பி பொண்டாட்டி ஜெயிச்சுட்டா.”

கூட்டம் போட்ட சத்தத்தில் அலமாரியில் இருந்த பாட்டில்கள் அதிர்ந்தன. லென்சின் புருஷன் அதுவரை அடக்கி வைத்திருந்த விசிலை அடித்தார். லிஃப்ட் ஒரு வழியாக ஒரு மாடியில் வந்து நின்றது. அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் லென்சின் காதில் விழுந்தது ஒன்றுதான். கண்ணாடிக் கதவிலிருந்து பசை டேப் கிழிகிற சத்தம். சர்ரென்று, இழுத்து, முழுசாக.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே பார்லரம்மா இரண்டு சட்டங்களோடும் நின்றாள். முதலில் காலிச் சட்டத்தை மேஜைமேல் வைத்தாள். “உட்காரு. அப்படியே இரு. ஒரு கிளிக்.”

“அதுக்கு முன்னாடி அதைக் கொடுங்க” என்று லென்சு ‘முன்’ படத்தை வாங்கிப் பார்த்தாள். தினமும் தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போன படத்தை அன்றுதான் நின்று பார்க்கிறாள். ஷட்டர் முடி, வாத்து வால், எல்லாம் இருந்தன. நிதானமாகப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. குறும்பாகக்கூட இருந்தது.

“முடியில ஒண்ணும் தப்பில்லை அண்ணி. இந்த ஃப்ரேம்தான் எனக்கு எடுபடலை” என்றாள். “முதலாளி, நாளைக்கு எனக்கு ஒரு நல்ல ஃப்ரேம்.”

‘பின்’ படம் இப்போது கதவில் தனியாக இருக்கிறது. குட்டி வால், காதோரம் சிலிர்த்த குட்டி முடி, வாய் நிறையச் சிரிப்பு. கிராப்பை வளர்க்கிறவர்கள் பின்னங்கழுத்தை ஒழுங்கு பண்ணிக்கொள்ள அந்தப் படத்தைக் காட்டித்தான் உள்ளே நுழைகிறார்கள். பார்லரம்மாவும் வளர்க்கத்தான் வெட்ட வேண்டும் என்பதை ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிச் சொல்லி அனுப்புகிறாள். லென்சு அதைக் கண்டுகொள்வதில்லை.

போன வாரம் இன்னொன்று நடந்தது. பார்லரம்மாவின் இடுப்பு வரை தொங்கிய பின்னல் ஒரே இரவில் தோளுக்கு ஏறிவிட்டது. தெரு மறுபடி கலங்கியது. பொறுக்க முடியாமல் வாத்தியாரே கண்ணாடிக் கடைக்கு வந்து, கவுண்டரில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். “உங்க நாத்தனாருக்கு என்னம்மா ஆச்சு? உடம்பு கிடம்பு...?”

லென்சு தலையைச் சிலுப்பினாள். வால் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது.

“தோணியிருக்கும் சார்” என்றாள். “உட்காருங்க, கண்ணாடி கோணலா நிக்குது.”